குதிரை நடக்கும், இடுப்பு கத்துக்கும்

சனிக்கிழமை காலைல எங்க கெளம்பிட்டீங்கன்னு யாராவது கேட்டா குதிரை கூட நடக்க போறேன்னு சொல்லுவேன். உடனே "ஓ குதிரை ஓட்டுவீங்களா"ன்னு கண்ணு விரியும். இல்லங்க, ரெண்டு வருஷமா போறேன், இன்னி வரைக்கும் ஒரு தடவை கூட குதிரை மேல ஏறினதில்ல. பக்கத்துல நடக்குறது மட்டும்தான் என் வேலை. அதுக்கு பேரு சைட் வாக்கர். குதிரை மேல ஒரு குழந்தை உக்காந்திருக்கும், எடது பக்கம் நான், வலது பக்கம் இன்னொருத்தர், முன்னாடி கயிறு பிடிச்சு குதிரையை நடத்துற அண்ணன், இதெல்லாம் போக தெரபிஸ்ட் மேடம் தனி. ஆக ஒரு குழந்தைக்கு நாலு பெரியவங்க, ஒரு குதிரை. குதிரையை சேக்கலன்னா கணக்கு தப்பு, ஏன்னா அங்க அதிகமா வேலை பாக்குறது அதுதான்.

குதிரையை வச்சு பண்ற இந்த தெரபி பத்தி ரொம்ப பேர் மெசேஜ்ல கேக்குறாங்க, முக்கியமா செரிபிரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராத நிலை), ஆட்டிசம் இருக்குற பசங்களோட அம்மா அப்பா, அதனாலதான் இந்த போஸ்ட். நான் தெரபிஸ்ட் கிடையாது, கை வலிக்க வலிக்க பக்கத்துல நின்னு பாத்தவ, அவ்ளோதான்.

மொதல்ல நான் என்ன நெனச்சிட்டு போனேன்னு சொல்லிடறேன். பிராணிங்க மேல பசங்களுக்கு பாசம், குதிரையை தொட்டா சந்தோஷம், சந்தோஷம் வந்தா உடம்பும் கேக்கும், இப்படி ஒரு கதைதான் மண்டைல இருந்துச்சு. மொத நாளே அந்த மேடம் (என்னை விட பத்து வயசு சின்னவங்க, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, நான் பேரண்ட்ஸ் முன்னாடி மேடம்னு கூப்பிடறது) ஒரு வேலை கொடுத்தாங்க. "அக்கா, ரெண்டு கையையும் இடுப்பு எலும்பு மேல வச்சிட்டு மெதுவா ஒரு பத்தடி நடங்க." நடந்தேன். "இப்ப இடுப்பு என்ன பண்ணுச்சு?" எனக்கு ஒண்ணும் தெரியல. மறுபடி நடக்க சொன்னாங்க. மூணாவது தடவைதான் கவனிச்சேன், ஒரு கால் தூக்கும்போது அந்த பக்கம் இடுப்பு லேசா எறங்குது, கூடவே முன்னாடி போகுது, கொஞ்சம் சுழலுது வேற. நாப்பது வருஷமா நடக்குறேன், என் இடுப்பு இவ்ளோ வேலை பாக்குதுன்னு அன்னிக்குதான் தெரியும்.

நீங்களும் இப்பவே எந்திரிச்சு ட்ரை பண்ணி பாருங்க, இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

குதிரை நடக்கும்போது அதோட முதுகும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் அசையுது. பின்னங்கால் ஒண்ணு முன்னாடி வரும்போது அந்த பக்கம் முதுகு எறங்கும், வயிறு மறுபக்கம் ஆடும், மேல உக்காந்திருக்கவங்க இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டுல, சுழற்சியா, மூணு விதமாவும் ஒரே நேரத்துல அசையும். நாம நடக்கும்போது வர்ற அதே அசைவு, அதே வரிசை. இப்ப யோசிங்க, பொறந்ததுல இருந்து ஒரு தடவை கூட தனியா நடக்காத ஏழு வயசு பையன், அவன் மூளைக்கு நடக்குறதுன்னா இடுப்புல எப்படி இருக்கும்ங்கற தகவலே போனதில்ல. குதிரை மேல உக்கார வச்சா அவன் கால் தரைல படாமலே அந்த தகவல் போகுது. குதிரை சாதாரணமா நடந்தா நிமிஷத்துக்கு சுமார் 100 ஸ்டெப், 20 நிமிஷம் நடந்தா 2000 தடவை. எந்த தெரபிஸ்ட் கையாலயும் ஒரு குழந்தையோட இடுப்பை 2000 தடவை ஒரே தாளத்துல, அதே சமயம் ஒவ்வொண்ணும் துளி துளி வித்தியாசமா, அசைச்சு விட முடியாது. மெஷின் குதிரை இருக்கு, ஆனா அது ஒவ்வொரு தடவையும் அச்சு எடுத்த மாதிரி ஒரே அசைவைத்தான் திருப்பி திருப்பி கொடுக்கும்னு மேடம் சொல்வாங்க. மண்ணுல நடக்குற நிஜ குதிரை ஒரு ஸ்டெப் மாதிரி இன்னொண்ணு வைக்காது, ஒடம்பு ஒவ்வொண்ணுக்கும் புதுசா பதில் சொல்லணும்.

இதுக்குதான் ஹிப்போதெரபின்னு பேரு, கிரேக்கத்துல ஹிப்போஸ்னா குதிரை. நீர்யானைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஹிப்போன்னு கேட்டதும் எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா அதுக்கு அந்த பேரு வந்ததே ஆத்து குதிரைங்கற அர்த்தத்துலதான், அதனால பழி கிரேக்கர்கள் மேலதான்.

எங்க குதிரை பேரு மின்னல். பேருதான் மின்னல், நடை பென்ஷன் வாங்க போற பாட்டி மாதிரி. வயசான பெட்டை குதிரை, நல்ல பழுப்பு, நெத்தில வெள்ளை. இந்த வேலைக்கு இப்படித்தான் வேணுமாம். துள்ளாம, கனைக்காம, பக்கத்துல சக்கர நாற்காலி உருண்டு வந்தாலும், பையன் திடீர்னு கத்தினாலும், பிடரிய பிடிச்சு இழுத்தாலும், சரி சரின்னு நிக்கிற குதிரை. அதோட ரெண்டு பக்கமும் சமமா நடக்குற குதிரை. மின்னல் மாதிரி ஒண்ணு கெடைக்குறதுதான் குதிரைக் கொம்புன்னு அந்த கயிறு பிடிக்குற அண்ணன் அடிக்கடி சொல்லுவாரு, அவருக்கு அந்த ஜோக் மேல தனி பிரியம்.

சேணம் போட மாட்டாங்க பெரும்பாலும். முதுகு மேல தடியா ஒரு பேட், அதுக்கு மேல வயித்த சுத்தி ஒரு வார், அதுல பிடிச்சுக்க கைப்பிடி. சேணம் போட்டா குதிரையோட அசைவும் சூடும் பாதி அதுலயே நின்னுடும்னு காரணம். குதிரையோட உடம்பு சூடு நம்மள விட ஒரு டிகிரி போல கூடுதல். விறைப்பா கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிற பசங்களுக்கு அந்த சூடும் அந்த ஆட்டமும் சேந்து தொடைய மெல்ல இளக்கும்.

நான் சொன்னனே ஏழு வயசு பையன், அவன் அப்படித்தான். மர சாய்தளத்துல சக்கர நாற்காலிய மேல ஏத்தி குதிரை முதுகு உயரத்துக்கு கொண்டு வந்து, ரெண்டு பேரா தூக்கி உக்கார வைக்கணும். மொத அஞ்சு நிமிஷம் அவன் கால் என் கைக்கு மரக்கட்டை மாதிரி இருக்கும், முட்டி மேல தூக்கிட்டு, குதிகால் குதிரை வயித்துல படவே படாது. என் முழங்கை அவன் தொடைக்கு மேல குறுக்கா இருக்கும், விரல் பேட்டோட ஓரத்தை பிடிச்சிருக்கும், அதனால கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி கையிலயே தெரியும். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, ஒண்ணும் மாறாது. நாலாவது சுத்துல எங்கயோ ஒரு எடத்துல அந்த தொடை பிசைஞ்ச மாவு மாதிரி கனமாயிடும். கனமாச்சுன்னா விறைப்பு விட்டுச்சுன்னு அர்த்தம். குதிகால் மெல்ல எறங்கி வந்து குதிரை மேல படும், ஷூவோட ரப்பர் ஓரம் முடியில உரசுற சத்தம் கூட கேக்கும் எனக்கு. அந்த சத்தம் கேட்டதும் மேடம் கிட்ட தலைய ஆட்டுவேன், அவங்க அடுத்த வேலைய ஆரம்பிப்பாங்க.

அடுத்த வேலைன்னா என்னன்னா, குதிரையை வச்சு விளையாடுறது. நேரா போயிட்டு இருக்குற மின்னல டக்குனு நிறுத்த சொல்வாங்க, மேல இருக்க பையன் முன்னாடி சாயாம இருக்க வயித்து மசிலும் முதுகு மசிலும் வேலை செய்யணும். மறுபடி நட. மறுபடி நில். எட்டு போடுற மாதிரி வளைச்சு வளைச்சு போனா ஒவ்வொரு வளைவுலயும் உடம்பு வெளிப்பக்கம் தள்ளும், அத சமாளிச்சு நடுவுக்கு வரணும். எட்டி நடக்க வச்சா அசைவு பெருசாகும், குறுக்கி நடக்க வச்சா சின்னதாகும். பாக்குறவங்களுக்கு குதிரை சும்மா சுத்துற மாதிரிதான் தெரியும். ஆனா எந்த பக்கம் திரும்பணும், எப்ப நிக்கணும், எத்தனை தடவைங்கறது எல்லாம் அந்த குழந்தையோட எந்த மசில் சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு பாத்து முடிவு பண்றது. குதிரை மருந்து மாதிரின்னா டோஸ் போடுறது மேடம்.

இங்க நான் வாங்கின திட்டு ஒண்ண சொல்லியே ஆகணும். மொத மூணு மாசம் எனக்கு பயம், பையன் விழுந்துடுவானோன்னு. அதனால அவன் லேசா சாயும்போதே கையால தாங்கி நிமித்தி விட்டுடுவேன். நல்ல வேலை பாக்குறேன்னு நெனப்பு வேற. ஒரு நாள் மேடம் குதிரையை நிறுத்த சொல்லிட்டு கிட்ட வந்து மெதுவா சொன்னாங்க, "அக்கா, அவன் பேலன்ஸ் பண்ண வேண்டியத நீங்க பண்றீங்க. இன்னிக்கு எக்சர்சைஸ் உங்க கைக்குதான் ஆச்சு." சுருக்குனு இருந்துச்சு. ஆனா சரிதான். சாயட்டும், அவனே கண்டுபிடிச்சு அவனே திரும்பி வரட்டும், அந்த ரெண்டு செகண்ட்தான் மொத்த தெரபியும். அந்த ரெண்டு செகண்ட் கைய சும்மா வச்சுக்கறது எவ்ளோ கஷ்டம்னு பசங்கள வளத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதறது, சட்டை போடுறது மாதிரி அன்றாட வேலைக்கு பழக்குறவங்க) வர்ற நாள்ல காட்சியே வேற. குழந்தையை திருப்பி பின்பக்கம் பாத்து உக்கார வைப்பாங்க, ரெண்டு கையையும் குதிரையோட பின்முதுகுல ஊனிக்கணும், குதிரை நடக்க நடக்க தோள்ல இருந்து உள்ளங்கை வரைக்கும் பாரம் எறங்கும். பேனா பிடிக்க, பட்டன் போட கையி வரணும்னா மொதல்ல தோள் ஒரு எடத்துல நிக்கணுமாம். அப்புறம் பக்கவாட்டுல உக்காரறது, முட்டி போட்டு தவழுற மாதிரி நிக்கிறது, வலது கையால எடது பக்கம் தொங்குற வளையத்தை எட்டி எடுக்கறது, இப்படி போகும். சில பசங்களுக்கு குதிரை முடிய தொட்டாலே தீயில கை வச்ச மாதிரி கையை இழுத்துப்பாங்க, அவங்களுக்கு மொதல்ல பேட் மேல ஒரு விரல், அடுத்த வாரம் ரெண்டு விரல். சில பசங்க நேர்மாறா, எப்பவும் ஆடிட்டே, குதிச்சிட்டே இருப்பாங்க, குதிரை மேல ஏறினதும் அமைதியாயிடுவாங்க, அவங்க ஒடம்பு தேடிட்டு இருந்த ஆட்டம் கெடச்சிடுச்சுங்கற மாதிரி.

பேச்சு தெரபிக்கு குதிரை எதுக்குன்னு எனக்கும் மொதல்ல புரியல. வாய்க்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன விளக்கம் ரொம்ப சிம்பிள். பேச காத்து வேணும். காத்து வேணும்னா நெஞ்சும் வயிறும் ஒழுங்கா விரியணும். கூன் போட்டு சரிஞ்சு உக்காந்திருக்க குழந்தைக்கு ஒரு வார்த்தைக்கு தேவையான காத்தே இருக்காது. முதுகு நிமிந்தா மூச்சு நீளும், மூச்சு நீண்டா சத்தம் வெளிய வரும். இன்னொண்ணு, பேசுறதுக்கு ஒரு காரணம் வேணும். ரூம்ல உக்கார வச்சு பூனை படத்தை காட்டி இது என்னன்னு நூறு தடவை கேட்டா குழந்தை எதுக்கு சொல்லணும், உங்களுக்கே தெரியுமேன்னு பாக்கும். இங்க "போ"ன்னு சொன்னா நானூறு அஞ்சூறு கிலோ உருவம் நெஜமாவே நகருது. சொல்லலன்னா நிக்குது. "போ" நல்ல வார்த்தையாம், உதடு ரெண்டும் ஒட்டி பட்டுனு திறக்கணும், கண்ணுக்கு தெரியும், காட்டி கொடுக்க ஈசி. "நில்லு" கொஞ்சம் கஷ்டம், நாக்கு நுனி ரெண்டு தடவை மேல போகணும். ஒரு பாப்பா ரெண்டுமே சொல்ல மாட்டா, பட்டன் அமுக்குனா பேசுற கருவி அவ மடியில இருக்கும், அதுல அமுக்குவா, அதுக்கும் மின்னல் நடக்கும். கயிறு பிடிச்ச அண்ணன்தான் நடக்க வைக்குறாருங்கறது ரகசியம். ஆனா சில நாள் அண்ணன் அசையுறதுக்கு முன்னாடியே மின்னல் கெளம்பிடுது, அது அந்த குரலை பழகிடுச்சுன்னு நெனக்கிறேன்.

இதெல்லாம் எங்க இருந்து ஆரம்பிச்சுதுன்னு தேடினப்ப கெடச்ச ஒரு பொம்பளையோட கதை எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. லிஸ் ஹார்டெல், டென்மார்க்காரங்க. நல்ல குதிரை வீராங்கனை. 1944ல, இருபத்தி மூணு வயசு, வயித்துல குழந்தை, அப்ப போலியோ வந்துடுச்சு. குழந்தை நல்லபடியா பொறந்துச்சு, ஆனா இவங்களுக்கு முட்டிக்கு கீழ செயலே இல்லாம போச்சு. அதோட விட்டிருக்கலாம், விடல. மறுபடி குதிரை ஏறினாங்க, ஏறன்னா ஏத்தி விடணும், எறக்கி விடணும். கால்ல அழுத்தி சிக்னல் கொடுக்க முடியாதுங்கறதால ஒடம்பு எடையையும் முதுகையும் வச்சே ஜூபிலிங்கற பெட்டை குதிரைக்கு எல்லாம் சொல்லி கொடுத்தாங்க. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ், டிரஸாஜ் போட்டி (குதிரையை நுணுக்கமா, அழகா நடக்க வச்சு காட்டுறது), பொம்பளைங்கள அதுல மொதல் மொதலா விட்ட வருஷமே அதுதான், ஆம்பளைங்களோட சேந்து போட்டி போட்டு வெள்ளி வாங்குனாங்க. பதக்கம் வாங்க மேடை ஏற தங்கம் வாங்கின ஸ்வீடன்காரர் கை கொடுத்து கூட்டிட்டு போனாரு. 1956லயும் வெள்ளி. இத பாத்துட்டு ஐரோப்பால நெறைய பேர் யோசிக்க ஆரம்பிச்சாங்க, 1960கள்ல ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் பிசியோதெரபிஸ்டுகள் குதிரை நடைய ஒரு கருவியா வச்சு முறையா வேலை பண்ண தொடங்கினாங்க. பிரிட்டன், அமெரிக்கா ரெண்டுலயும் ஊனமுற்றோருக்கான குதிரையேற்ற சங்கங்கள் 1969ல வந்துச்சு, அமெரிக்கால ஹிப்போதெரபிக்குன்னே தனி சங்கம் 1992ல.

இங்க ஒரு குழப்பம் இருக்கு, அதாலதான் பேரண்ட்ஸ் ஏமாறுறாங்க. ரெண்டும் வேற வேற. குழந்தைக்கு குதிரை ஓட்ட கத்துக்கொடுக்கறது ஒண்ணு, அதுல சொல்லித் தர்றவரு ரைடிங் டீச்சர், கடிவாளம் குழந்தை கையில, ஜாலியா இருக்கும், ஒடம்புக்கும் நல்லதுதான். ஹிப்போதெரபில குழந்தை எதையும் ஓட்டாது. அங்க இருக்கணும்னா படிச்சு லைசென்ஸ் வாங்கின பிசியோவோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ, ஸ்பீச் தெரபிஸ்டோ இருக்கணும், அதுக்கு மேல குதிரை பத்தின பயிற்சியும் எடுத்திருக்கணும். அந்த துறைக்காரங்களே இத தனி வைத்தியம்னு சொல்ல மாட்டாங்க, பந்து, ஊஞ்சல் மாதிரி அவங்க பெட்டியில இருக்குற ஒரு கருவின்னுதான் சொல்வாங்க, உசுரோட இருக்குற கருவி. யாரோ ஒருத்தர் குதிரையை வச்சிக்கிட்டு, தெரபிஸ்டே இல்லாம, ஆட்டிசம் குணமாகும்னு போர்டு போட்டா தயவுசெஞ்சு திரும்பி வந்துடுங்க. மண் குதிரையை நம்பி ஆத்துல எறங்குன கதைதான் அது.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு கேக்குறவங்களுக்கு, ரெண்டு பக்கமும் இருக்கு. 2003ல ஒரு சின்ன ஆய்வு, விறைப்பு வகை செரிபிரல் பால்சி உள்ள 15 பசங்க, சில பேர 8 நிமிஷம் குதிரை மேல, சில பேர அதே 8 நிமிஷம் அசையாத பீப்பாய் மேல உக்கார வச்சு மசில் மின்னோட்டத்தை அளந்தாங்க. குதிரை மேல இருந்தவங்களுக்கு எடது வலது மசில் சமநிலை தெளிவா முன்னேறுச்சு, பீப்பாய்ல இல்ல. கேக்க நல்லா இருக்கா? ஆனா 2009ல ஆஸ்திரேலியால 99 பசங்கள வச்சு பண்ண பெரிய ஆய்வுல, 10 வாரம் சவாரி பண்ண பசங்களுக்கும் பண்ணாத பசங்களுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. அது சவாரி வகை, ஹிப்போதெரபி இல்லன்னு சிலர் வாதாடலாம், எனக்கென்னவோ அத மறைக்காம சொல்றதுதான் நியாயம்னு தோணுது. ஆட்டிசத்துக்கு 2015ல வந்த ஆய்வு கொஞ்சம் நம்பிக்கையானது, 6 வயசுல இருந்து 16 வரைக்கும் உள்ள பசங்க, ஒரு குரூப்புக்கு 10 வாரம் குதிரை, இன்னொரு குரூப்பு அதே லாயத்துக்கு வந்து குதிரை பத்தி கத்துக்கிட்டாங்க ஆனா நிஜ குதிரை கூட பழகல. குதிரை ஏறினவங்களுக்கு எரிச்சலும் துறுதுறுப்பும் குறைஞ்சுது, பேசுற வார்த்தைங்க கூடுச்சு. அப்புறம் பெரியவங்களுக்கு, மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்ங்கற நரம்பு நோய் உள்ள 70 பேர வச்சு ஜெர்மனில 12 வாரம் பண்ண ஆய்வுல பேலன்ஸ் முன்னேறுச்சு. எந்த ஆய்வும் குணமாகும்னு சொல்லல, கவனிச்சீங்களா. உதவும், சிலருக்கு, சில விஷயத்துக்கு, வழக்கமான தெரபியோட சேந்து. அவ்ளோதான்.

எல்லாரையும் ஏத்தவும் மாட்டாங்க. டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்களுக்கு கழுத்துல மேல இருக்குற ரெண்டு எலும்புக்கு நடுவுல தளர்வு இருக்கலாம், அத டாக்டர் பாத்து சரின்னு எழுதி கொடுக்காம குதிரை பக்கமே விடக்கூடாது. இடுப்பு மூட்டு நழுவி இருக்கற குழந்தை, கட்டுக்குள்ள வராத வலிப்பு, ரொம்ப வளைஞ்ச முதுகெலும்பு, எலும்பு பலவீனம், உக்கார்ற எடத்துல புண்ணு, குதிரை முடி அலர்ஜி, இதுக்கெல்லாம் நோ. ரெண்டு வயசுக்கு கீழ பொதுவா எடுக்க மாட்டாங்க. ஹெல்மெட் இல்லாம ஒரு நிமிஷம் கூட கிடையாது, போட்டோக்கு கூட கழட்ட விட மாட்டாங்க, எத்தனை அப்பாங்க அதுக்கு சண்டை போட்டிருக்காங்க தெரியுமா.

இப்ப, இந்த போஸ்ட் எழுத உக்காந்ததுக்கு உண்மையான காரணம்.

போன மாசம் அந்த ஏழு வயசு பையன் என் பக்கமா சாய ஆரம்பிச்சான். மொத வாரம் சும்மா தூக்கம் போலன்னு நெனச்சேன். ரெண்டாவது வாரமும் அதே. நேரா போகும்போது கூட என் கையில அவன் எடை விழுந்துட்டே இருந்துச்சு, முந்தின மாசம் வரைக்கும் என் கை சும்மாதான் இருக்கும். ஒன்றரை வருஷமா ஏறி வந்த மலைய ரெண்டே வாரத்துல எறங்கின மாதிரி. அவங்கம்மா வேலி ஓரமா நின்னு பாத்துட்டே இருந்தாங்க, எதுவும் கேக்கல, ஆனா மொகத்துல எல்லாம் இருந்துச்சு. வளந்துட்டான், எலும்பு நீளுற வேகத்துக்கு மசில் வரல, அதனால இருக்கலாம்னு ஒரு பேச்சு. புது கால் ப்ரேஸ் சரியில்லையோன்னு ஒரு பேச்சு. மேடம் அவன தரைல படுக்க வச்சு கால் நீளம், இடுப்பு எல்லாம் அளந்து பாத்தாங்க, எதுவும் மாறல. நான் என் கை மேலயே சந்தேகப்பட்டேன், மறுபடி தாங்க ஆரம்பிச்சிட்டனோன்னு.

அப்புறம் மேடம் எங்க யாருக்கும் தோணாத ஒண்ணு பண்ணாங்க. பையன எறக்கிட்டு, வெறும் குதிரையை நேரா நடக்க விட்டு, பின்னாடி நின்னு போன்ல வீடியோ எடுத்தாங்க, ஸ்லோ மோஷன்ல. நாங்க நாலு பேரும் தலைய தலைய முட்டிக்கிட்டு அந்த சின்ன ஸ்கிரீன பாத்தோம். எடது பின்னங்கால். வலது கால் விழுற தூரத்துக்கு அது விழல, ஒரு நாலு விரக்கடை குறையுது, அந்த பக்கம் இடுப்பு எலும்பு ஏறி எறங்குறதும் வேற மாதிரி. சாதாரண வேகத்துல பாத்தா யாருக்கும் தெரியாது, தினமும் பாக்குற அண்ணனுக்கே தெரியல, மின்னல் நொண்டவே இல்லன்னு அவரு அடிச்சு சொன்னாரு, அப்புறம் அந்த வீடியோவ பத்து தடவை பாத்தாரு, பேசவே இல்ல. லாடம் அடிக்கறவர் வந்து குளம்ப சீவி பாத்தா உள்ள கன்னிப் போயிருக்கு, கல்லு ஏதோ குத்தியிருக்கணும்.

ஆக பையன் ஒழுங்காதான் இருந்திருக்கான். குதிரையோட முதுகு என்ன சொல்லுச்சோ அதைத்தான் அவன் இடுப்பு அப்படியே கேட்டு செஞ்சிருக்கு, எங்க கண்ணுக்கு தெரியாத நொண்டல் அவன் உடம்புக்கு தெரிஞ்சிருக்கு. அவங்கம்மா கிட்ட மேடம் இத சொன்னப்ப அவங்க சிரிச்சாங்களா அழுதாங்களான்னு தெரியாத மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. எனக்கு மின்னல நெனச்சுதான் சங்கடமா போச்சு. ரெண்டு வாரமா வலியோட நடந்திருக்கு, ஒரு தடவை முரண்டு பிடிக்கல. இப்ப யோசிச்சா, பேட் போடும்போது காத பின்னாடி மடக்குச்சு, வாலை ஒரு மாதிரி வீசுச்சு, ஈ தொல்லைன்னு விட்டுட்டோம். குதிரை காதை மடக்குனா என்ன அர்த்தம்னு வாலண்டியர் ட்ரெயினிங்ல மொத பாடமே அதுதான், எனக்கு சொல்லி கொடுத்தாங்க, நானே புதுசா வந்த ரெண்டு பேருக்கு சொல்லியும் கொடுத்திருக்கேன்.

அதுக்கப்புறம் ஒரு புது பழக்கம் வந்திருக்கு. ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் குதிரையை வெறுமனே ஒரு சுத்து நடக்க விட்டு பின்னாடி நின்னு வீடியோ எடுத்துடறது. குளம்ப தூக்கி அடியில தட்டி பாக்குறது. ஒரு நாளைக்கு இத்தனை குழந்தைக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு இருந்த கணக்கையும் இன்னும் குறைச்சாங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குற பேரண்ட்ஸ்க்கு கோபம்தான், அவங்க கோபமும் நியாயம்தான்.

மூணு வாரம் மின்னலுக்கு லீவு. அதுக்கு பதிலா இன்னொரு குதிரை, கொஞ்சம் ஒல்லி, எட்டி எட்டி நடக்கும். பையன் அதுல ஏறின மொத நாள் பத்தே நிமிஷத்துல நிமிந்துட்டான், ஆனா ஸ்டெப் பெருசுங்கறதால சீக்கிரம் களைச்சும் போயிட்டான், மேடம் பாதிலயே எறக்கிட்டாங்க. "போ" சொல்ல மாட்டேன்னுட்டான் அது கிட்ட. எவ்ளோ கெஞ்சினாலும் வாய இறுக்கி மூடிக்கிட்டு, லாயத்துப் பக்கமா கைய நீட்டி காட்டிட்டே இருந்தான்.

நேத்து அண்ணன் மெசேஜ் போட்டாரு, லாடக்காரர் ஓகே சொல்லிட்டாராம், வர்ற சனிக்கிழமை மின்னல் வருது, ஆனா மொத நாள் ஒரே ஒரு குழந்தைதான், அதுவும் பத்து நிமிஷம்தான். யாருன்னு நான் கேக்கல. அலாரம் அஞ்சரைக்கு வச்சாச்சு.